சூடு என்று ஒரு சொல்

லாய்-குவான் பொரித்த கோழி இறக்கையைக் கடித்த சத்தம் வார்டின் கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் கடித்தாள். அதோடு நிற்காமல் விரலைச் சப்பினாள், எண்ணெய் ஊறிய காகிதப் பையைக் கணவரின் மூக்குக்கு நேரே ஆட்டினாள்.

"என்னய்யா பார்க்கிற? காலையிலயே ரெண்டு தின்னுட்டுத்தான் வந்தேன். இன்னும் பையில கிடக்கு. உன்னால என்ன பண்ண முடியும்?"

தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தார் மோக் சிக்-ஹுங். வாழ்நாளெல்லாம் ஹாங்காங் தெருக்களில் மினிபஸ் ஓட்டியவர். எதிரே வந்த டாக்ஸிக்காரன் ஒருவனையும் திட்டாமல் விட்டதில்லை. இப்போது வலது கையும் காலும் அசையவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்ட அன்று பேச்சும் அடைத்துக்கொண்டது. பெயரைச் சொல்லச் சொன்னால் விழித்தார். ஆமாம், இல்லை என்பதுகூட வரவில்லை. அவர் பையைப் பார்த்தார். பிறகு மனைவியின் வாயைப் பார்த்தார். தொண்டைக்குள் ஏதோ உருண்டு புரண்டு மேலே வந்தது.

"சூடு," என்றார்.

"அப்படிச் சொல்லு என் ராசா!" என்று லாய்-குவான் தொடையில் தட்டினாள்.

பக்கத்துக் கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்த பெரியவர் ஃபான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். "ஆரம்பிச்சிட்டாங்க. ஏம்மா, எனக்கு இங்க கஞ்சியும் கஞ்சியும்தான். நீ இப்படி வாசனை காட்டிக் கொல்றதுக்கு ஒரே அடியா ஜன்னல் வழியா தள்ளி விட்டுடலாம்ல?"

"உங்களுக்கும் பேச்சு வராம போகட்டும், அப்புறம் தர்றேன்."

"வேண்டாம் தாயே. நான் வாசனையோடயே இருந்துக்கறேன்."

அந்த ஒரு சொல்தான் சிக்-ஹுங்கிடம் மிச்சம் இருந்தது. அது கிடைத்ததும் தற்செயலாகத்தான். பல வாரங்கள் அவர் வாய் திறக்கவே இல்லை. ஒருநாள் லாய்-குவான் தன் கடையிலிருந்து நேரே ஓடி வந்தாள். பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வழியில் வாங்கிய உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பிரித்தாள். ஒரு பிடி வாயில் போட்டதும் தலையணைப் பக்கமிருந்து அந்தக் குரல் வந்தது. அவள் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு நர்சைத் தேடி ஓடினாள். வறுவல் வார்டு முழுக்கச் சிதறியது. அதற்கு வாங்கிய திட்டு அவள் காதில் ஏறவே இல்லை.

வேறு எந்தச் சொல் வந்திருந்தாலும் அவள் ஆச்சரியப்பட்டிருப்பாள். இது வந்ததில் ஆச்சரியமே இல்லை. அந்த மனிதர் உலகத்தையே இரண்டாகப் பிரித்து வைத்திருந்தவர்: உடம்புக்குச் சூடு, உடம்புக்குக் குளிர்ச்சி. லிச்சிப் பழம் சூடு. வாடை ஊரைக் கூட்டும் டுரியான் பழம் பெரும் சூடு. சுட்ட வாத்து சூடு. கோபப்பட்டால் சூடு. அவள் ஆசைப்பட்டதெல்லாம் சூட்டுப் பக்கத்தில் இருந்தது. பேரிக்காய், வெள்ளைப்பூசணி, சாமந்திப்பூத் தேநீர் என்று நாக்குக்குப் பிடிக்காததெல்லாம் குளிர்ச்சிப் பக்கத்தில் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் முதன்முதலாகச் சினிமாவுக்கு அழைத்துப் போனபோது, அவள் வாங்கிய குழம்பு மீன் உருண்டையைக் காட்டி, "இது சூடு, முகத்துல பரு வரும்," என்றார். இப்படியும் ஒருத்தன் பெண்ணிடம் பேசுவானா என்று அவளுக்குத் தோன்றியது. பரு வரும் என்று தன் முகத்தை இவ்வளவு கவனமாக ஒருத்தன் பார்க்கிறானே என்றும் தோன்றியது. பிள்ளைகள் இல்லாத வீட்டில் நாற்பது வருடமாக அவர்கள் போட்ட சண்டையில் பாதிக்கு மேல் இந்தச் சண்டைதான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற மிஸ் யாவ் முப்பது வயது தாண்டாத பெண். நல்லவள், பொறுமைசாலி. பொய் சொல்லத் தெரியாதவள் என்பதுதான் லாய்-குவானுக்குத் தொந்தரவு.

"மோக் அம்மா, சந்தோஷப்படுங்க, நான் வேண்டாங்கல," என்றாள். "ஆனா இது நாக்குல ஊறிப்போன வார்த்தை. சில பேருக்குப் பேச்சு மொத்தமா போனாலும் கெட்ட வார்த்தை மட்டும் நிக்கும். சில பேரு ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுவாங்க. அதை யோசிச்சுச் சொல்றாங்கன்னு சொல்ல முடியாது."

"இவரு யோசிச்சுத்தான் சொல்றாரு."

"வெள்ளிக்கிழமை டாக்டர் சியூ வந்து பார்ப்பாரு. அர்த்தம் தெரிஞ்சு பேசறாரு, கத்துக்கொடுத்தா முன்னேறுவாருன்னு தெரிஞ்சா இங்க படுக்கை தொடரும். இல்லேன்னா..."

"முதியோர் இல்லம்."

மிஸ் யாவ் தலையைக் குனிந்துகொண்டாள். லாய்-குவான் அந்த இல்லங்களில் இரண்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். வரிசையாக நாற்காலிகள், நாற்காலியில் கட்டி உட்கார வைத்த மனிதர்கள், மேலே யாரும் பார்க்காத டிவி. அங்கே போனால் சிக்-ஹுங்கிடம் யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள், அவர் வாயிலிருந்தும் இனி ஒரு வார்த்தை வராது. அங்கே அவரை விடுவதற்கு அவள் செத்தாலும் சம்மதிக்கப் போவதில்லை.

ஆகவே தின்றாள். காலையில் பொரித்த மாவுக்குச்சி, மதியம் சுட்ட வாத்து, சாயங்காலம் மீன் உருண்டை. ஒருநாள் டுரியானையே கொண்டுவந்தாள். தலைமை நர்ஸ் அவளையும் டுரியானையும் சேர்த்து லிஃப்ட் வரைக்கும் விரட்டிவிட்டு வந்தாள். அவள் வெளியே போவதற்குள் சிக்-ஹுங் இரண்டு தடவை "சூடு, சூடு" என்று கத்திவிட்டார். முதல் தடவை அதட்டல், இரண்டாவது தடவை கெஞ்சல் என்று லாய்-குவான் அடித்துச் சொன்னாள். மற்றவர்கள் காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

கடைசியில் மிஸ் யாவே ஒரு வழி சொன்னாள். "குளிர்ச்சியான எதையாவது கொண்டு வாங்க. அதைப் பார்த்து 'குளிர்ச்சி'ன்னு சொல்லிட்டா போதும். வித்தியாசம் தெரியுதுன்னு அர்த்தம். நானே டாக்டர்கிட்ட பேசுறேன்."

இது லாய்-குவானுக்குப் பிடித்துப்போனது. அவளுடைய மனுஷன் இந்தப் பரீட்சையில் தோற்பதாவது! மறுநாள் ஒரு பேரிக்காய், ஒரு துண்டு தர்பூசணி, டப்பாவில் வெள்ளைப்பூசணி சூப் எல்லாம் எடுத்துக்கொண்டு, ஜெயித்த முகத்தோடு வந்தாள். பேரிக்காயை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள். மிஸ் யாவ் பேனாவோடு காத்திருந்தாள். பெரியவர் ஃபான்கூடப் போர்வையை விலக்கிவிட்டுப் பார்த்தார்.

சிக்-ஹுங் பேரிக்காயைச் சட்டை செய்யவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூடு."

"யோவ், நல்லா பாருய்யா. பேரிக்காய்!"

"சூடு."

தர்பூசணி. சூடு. பூசணி சூப்பின் மூடியைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். அதற்கும் சூடு. ஒவ்வொரு தடவையும் பார்வை அவள் முகத்தில்தான் இருந்தது, குரல் மட்டும் ஏறிக்கொண்டே போனது. மிஸ் யாவ் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். லாய்-குவானின் தோளைத் தொட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அந்தத் தொடுதலைத் தாங்க முடியாமல் லாய்-குவான் சூப்பை எடுத்துக் கழுவுதொட்டியில் கொட்டினாள்.

"பூசணிக்காயைப் போய் சூடுன்னு சொல்லிட்டியேய்யா," என்று அவள் கேட்டபோது குரல் பாதியில் உடைந்தது. அழுகை மட்டும் இல்லை காரணம். தொண்டை நிஜமாகவே புண்ணாகியிருந்தது.

ஷாம் ஷூய் போ கடைத்தெருவில் ஜிப்பும் பித்தானும் லேஸும் விற்கிற சின்னக் கடை அவளுடையது. அந்தத் தெருவில் அவள் குரலை வைத்தே கடைக்கு வழி சொல்வார்கள். மறுநாள் அந்தக் குரல் எழும்பவில்லை. நாக்கு ஓரத்தில் மூன்று புண், உதட்டில் வெடிப்பு, மோவாயில் பதினாறு வயசுக்காரிக்கு வருவது போலப் பரு. தெருவே கூடி வைத்தியம் பார்த்தது. துணிக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது வயித்துத் தீ. சந்தேகமே இல்லை," என்றார். மீன் உருண்டைக்காரி, "உங்களுக்கு என்ன தெரியும்? ஈரச் சூடுங்க இது. மூஞ்சி எப்படி எண்ணெய் வழியுது பாருங்க," என்றாள். வாத்துக் கடைக்காரர் தன் வாத்தின் பேரில் பழி வந்துவிடுமோ என்று, "வறட்டுச் சூடு. தண்ணி குடிக்காததால வந்தது," என்று பிடிவாதமாக நின்றார். பெயரில் மூவரும் அடித்துக்கொண்டாலும் மருந்தில் ஒற்றுமையாக இருந்தார்கள். முனைக்கடையிலிருந்து கறுப்பாக, கசப்புக் கஷாயம் ஒரு கிண்ணம் வந்து அவள் முன்னால் உட்கார்ந்தது.

"எடுத்துட்டுப் போங்க," என்றாள் லாய்-குவான்.

"அடி, கசப்புதான். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கா..." என்றாள் மீன் உருண்டைக்காரி.

"இதைக் குடிச்சுட்டுப் படுத்தவரைத்தான் தினமும் ஆஸ்பத்திரியில போய்ப் பார்த்துட்டு வர்றேன். எடுத்துட்டுப் போங்கன்னா எடுத்துட்டுப் போங்க."

மூவரும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவரவர் கடைக்குத் திரும்பினார்கள். அவர்கள்மேல் அவளுக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் வேறொரு நாளின் மேல். அன்று காலை சிக்-ஹுங் முகம் சிவந்து, தலை பாரமாக இருக்கிறது, ஒரு பக்கம் மரத்தாற்போல் இருக்கிறது என்றார். தானே நாக்கைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஈரல்ல தீ ஏறிடுச்சு. ஒரு கிண்ணம் கஷாயம் குடிச்சுட்டுப் படுத்தா இறங்கிடும், நீ கடைக்குப் போ," என்றார். எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறவள், "உனக்கு எப்பப் பாரு சூடு. கிளம்பு டாக்டர்கிட்ட," என்றுதான் வழக்கமாகச் சொல்லியிருப்பாள். அன்றைக்குப் பார்த்து ஒரு தையல்கடைக்காரி கடை வாசலில் காத்திருப்பதாக போன் வந்தது. சண்டை போட நேரமில்லை. "சரி, நீ சொன்னா சரி," என்று கஷாயம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். கடையை மூடிவிட்டு வந்தபோது அவர் கட்டிலுக்குக் கீழே தரையில் கிடந்தார். எத்தனை மணியிலிருந்து இப்படி என்று டாக்டர்கள் கேட்டார்கள். அவள் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு வேறு எதுவும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் ராத்திரி எப்போது படுத்தாலும் அந்தத் தரைதான் கண்ணுக்குள் வந்தது.

வெள்ளிக்கிழமை டாக்டர் சியூ வந்தார். கண்ணாடி போட்ட, அவசரம் தெரியாத மனிதர். அவரை வெறுக்க வேண்டும் என்று தயாராக வந்த லாய்-குவானுக்கு அதற்கும் வழியில்லாமல் போயிற்று. கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டு சிக்-ஹுங்கின் இடது கையைப் பிடித்தார்.

"மோக் ஐயா, உங்க பேரு என்ன?"

பதில் இல்லை.

"இவங்க யாரு? தெரியுதா?"

சிக்-ஹுங் லாய்-குவானைப் பார்த்தார். உதடு அசைந்தது, நின்றது. டாக்டர் ஒரு பேனாவைக் காட்டினார், ஒரு சாவியைக் காட்டினார். எதற்கும் ஒன்றுமில்லை. மிஸ் யாவ் காகிதத்தில் எதையும் எழுதாமல் நின்றாள். டாக்டர் அவர் கையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு லாய்-குவானிடம் திரும்பினார். அந்தத் திரும்புதலிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"கொஞ்சம் இருங்க டாக்டர்," என்றாள். பையைத் திறந்து பொரித்த மாவுக்குச்சியை எடுத்தாள். ஆறிப்போய், விறகு போல விறைத்திருந்தது. ஒரு கடி கடித்தாள். அதன் ஓரம் நாக்குப் புண்ணைக் கிழித்தது. கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. மென்றாள்.

"சூடு," என்றார் சிக்-ஹுங்.

"ஆமா, இதைப் பத்தி மிஸ் யாவ் சொன்னாங்க," என்றார் டாக்டர் தணிந்த குரலில். "அதே வார்த்தைதான் இல்லையா?"

"இருங்கன்னு சொன்னேன்ல." அவள் மறுபடியும் கடித்தாள். உதட்டு வெடிப்பில் ரத்தம் கசிந்தது. விழுங்க முடியவில்லை, விழுங்கினாள். இன்றைக்கு இந்த மனுஷன் வாயிலிருந்து இன்னொரு சொல் வராமல் இந்தக் கட்டிலை விட்டு நகர்வதில்லை. கடைத்தெரு மாவுக்குச்சி முழுவதையும் தின்ன வேண்டுமென்றாலும் சரி.

பெரியவர் ஃபான் பொறுக்க முடியாமல், "ஏம்மா, போதும்மா, ரத்தம் வருது," என்றார்.

"நீங்க சும்மா இருங்க!"

மூன்றாவது தடவை வாய்க்குக் கொண்டுபோனபோது அந்தக் குச்சி பறந்துபோய்த் தரையில் விழுந்தது. சிக்-ஹுங்கின் இடது கை அதைத் தட்டிவிட்டிருந்தது. அந்தக் கை அப்படியே வந்து அவள் மோவாயைப் பிடித்தது. பிடித்துக்கொண்டு, அவர் தன் கோணல் வாயைத் திறந்து, நாக்கைக் கொஞ்சம் வெளியே நீட்டினார்.

டாக்டருக்குப் புரியவில்லை. லாய்-குவானுக்குப் புரிந்தது. உடம்புக்கு ஏதாவது என்றால் வீட்டில் டியூப் லைட்டுக்குக் கீழே நிற்கவைத்து அவர் இதைத்தான் செய்வார்: நாக்கை நீட்டு. நாற்பது வருடமாக அவள் அழகு காட்டுவதற்காகவே நாக்கை நீட்டியிருக்கிறாள். இப்போது எல்லோருக்கும் முன்னால், டாக்டருக்கு முன்னால், சின்னப் பிள்ளை போல நீட்டினாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். புருவத்துக்கு நடுவே பழைய மடிப்பு விழுந்தது.

"சூடு," என்றார். தலையை அசைத்தார். அது இல்லை என்று அசைத்தது. "சூடு... இல்ல."

மிஸ் யாவ் ஓரடி முன்னால் வந்தாள்.

அவர் வாய் எதையோ தேடியது. கன்னம் நடுங்கியது, நெற்றியில் வியர்த்தது. "வெத்து," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "வெத்துச் சூடு."

"வெத்துச் சூடா?" மிஸ் யாவின் குரல் கிறீச்சிட்டது. "டாக்டர், இது வேற! எண்ணெய்ப் பண்டத்துல வர்ற சூடு இல்லைங்கிறாரு. உடம்பு உள்ளுக்குள்ள காய்ஞ்சுபோய், வெறும் பானையை அடுப்புல வச்ச மாதிரி..."

"தெரியும், தெரியும். பரீட்சை சமயத்துல எங்கம்மா இதைச் சொல்லித்தான் என்னைத் திட்டுவாங்க," என்றார் டாக்டர் சியூ. அவர் எழுந்தே நின்றுவிட்டார். "ராத்திரி முழிக்கிறவங்களுக்கு வர்றது."

"தூங்கல," என்றார் சிக்-ஹுங். மோவாயைப் பிடித்த விரல் அவளைச் சுட்டியது. "நீ... தூங்கல."

கோழி தின்றேன், வாத்து தின்றேன், அதனால் வந்தது என்று லாய்-குவான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தனக்குத்தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். பேரிக்காயைக் காட்டினபோதும் பூசணியைக் காட்டினபோதும் இந்த மனுஷன் அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காதது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அழுதாள். மறைக்காமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நன்றாகவே அழுதாள்.

டாக்டர் மிஸ் யாவிடம், "இவரை எங்கயும் அனுப்ப வேண்டாம். படுக்கை இவருக்குத்தான். திங்கள்லேருந்து பயிற்சியைக் கூட்டுங்க," என்றார். பக்கத்துக் கட்டிலில் பெரியவர் ஃபான் போர்வையில் மூக்கைச் சிந்தினார்.

சிக்-ஹுங்குக்கு அதெல்லாம் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவருடைய காரியம் இன்னும் முடியவில்லை. கதவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

"வீடு. போ. தூங்கு."

"போகமாட்டேன்," என்றாள் லாய்-குவான்.

"போ!"

"மாட்டேங்கிறேன்ல. என்னய்யா பண்ணுவ? எங்க, சொல்லு பார்ப்போம்."

அவர் முகம் சிவந்தது. மினிபஸ் ஓட்டின காலத்தில் குறுக்கே வந்தவனைத் திட்டுவதற்கு முன்னால் சிவக்குமே, அந்தச் சிவப்பு. மிஸ் யாவ் தடுக்கப் பார்த்தாள், டாக்டர் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ," என்றார் சிக்-ஹுங். ஒவ்வொரு சொல்லாக, கல்லைப் புரட்டுவது போலப் புரட்டினார். "நீ... எப்பவும்... என் பேச்சை... கேக்க மாட்ட."

லாய்-குவான் புறங்கையால் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு நாள் கேட்டேன்யா," என்றாள். "இனிமே கேக்க மாட்டேன்."